ஏறியது சரி, இறங்குவது எப்படி?



உயர்தர வகுப்பிலே ஒருநாள் சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். சச்சந்தன் மயிற்பொறி செய்வித்த இடம். கருவுற்ற அரசி விசயைக்கு அப்பொறியைச் செலுத்தும் முறையை அரசன் முன்கூட்டியே பழக்குகிறான். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொண்ட வேளையில் அவள் அதிலேறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசு காதில் விழவே அவள் மயங்குகிறாள். பொறி சுடுகாட்டிலே இறங்குகிறது. சீவகன் அங்கேதான் பிறக்கிறான்.

பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்தான். "சேர், ஏறினது சரி. ஓட்டினவ மயங்கிப்போனா, அது எப்பிடி உடையாமல் இறங்கினது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. திருத்தக்கதேவர் கூட அதை எண்ணாமல் விடவில்லை. ஏறுவதற்கு ஒரு திருப்பம், இறங்குவதற்கு வேறொரு திருப்பம் என்று பொறிக்கு வகுத்தே பாடியிருக்கிறார். ஏறுவது ஒரு வித்தை, இறங்குவது இன்னொரு வித்தை என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மாணவனின் கேள்வியை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். கற்பனைப் பொறியை விட்டு, மனிதர் மெய்யாகவே செய்த ஒரு பறக்கும் பொறியின் வரலாற்றைப் பார்ப்போம். அது அகன்ற ஓடுபாதையில் இறங்கினாற் போதாது. அலைகடலில் ஆடியசைந்து செல்லும் கப்பலின் மேற்றளத்தில் இறங்கியாகவேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரித்தானியக் கடற்படைக்காக எண்ணப்பெற்ற அவ்விமானத்துக்கு முதலில் வைத்த பெயர் டி.எச். 110. பின்னாளில் 'சீ விக்ஸன்', அதாவது கடற் பெண்ணரி, என்ற பெயர் பெற்றது. அந்த இரண்டு பெயர்களுக்கும் இடையே முப்பத்தொரு பேரின் மரணம் கிடக்கிறது.

கடற்படைக்கு விமானம் ஏன் இன்றியமையாதது என்பதை நமது கிழக்குக் கரையே நேரிற் கண்டது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலைக்கு அந்தக் கதி நேர்ந்தது. தாக்குதல் வருமென்று அறிந்து துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த 'ஹேர்மீஸ்' என்ற பிரித்தானியக் கப்பலை அன்று மட்டக்களப்புக் கடலில் அவ்விமானங்கள் கண்டுபிடித்தன. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பெற்ற முதற் கப்பல் அதுதான். ஆனால் அன்று அதன் தளத்தில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் கரையில் நின்றன. குண்டுகள் மழையாகப் பொழிய, கப்பல் சிறிது நேரத்திலேயே மூழ்கியது. 307 பேர் மாண்டனர். தன்னைக் காக்கும் விமானமில்லாத கப்பல் கடலில் மிதக்கும் இலக்கு என்பதை அந்தக் காலைப்பொழுது உணர்த்திற்று.

போர் முடியும் தறுவாயில் ஜெற் இயந்திரம் வந்துவிட்டது. விசிறி முன்னே சுழல, மெல்ல வந்து கப்பலில் அமரும் பழைய விமானங்களின் காலம் முடியப்போகிறது என்பது தெரிந்தது. ஆனால் விரைவாகப் பறக்கும் ஜெற் கப்பலில் இறங்குமா என்ற ஐயமும் எழுந்தது. 1945 டிசெம்பர் 3ஆம் திகதி எரிக் பிறவுண் என்ற கடற்படை விமானி, டி ஹவிலண்ட் நிறுவனத்தின் 'வம்பயர்' ஜெற் விமானத்தை 'ஓஷன்' என்ற கப்பலில் இறக்கிக் காட்டினார். முழு ஜெற் விமானமொன்று விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கியது அதுவே முதல் தடவை. தம் வாழ்நாளில் 2,407 தடவை கப்பல்களில் இறங்கியவர் அவர். அவருடைய கைத்திறன் எல்லா இளம் விமானிகளுக்கும் வாய்க்குமா? அதுதான் கேள்வி.

கப்பலில் இறங்குவதென்றால் என்னவென்று சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். விமானத்தின் வாற்புறத்தில் ஒரு கொளுக்கி தொங்கும். கப்பல் தளத்தின் குறுக்கே கம்பி வடங்கள் கட்டப்பட்டிருக்கும். கொளுக்கி ஒரு வடத்தைப் பற்றவேண்டும். பற்றினால், ஓடிவரும் விமானம் சில விநாடிகளில் இழுத்து நிறுத்தப்படும். அந்த இழுப்பு விமானத்தின் எலும்புக்கூட்டையே உலுக்கும். பற்றத் தவறினால், முன்னே நிறுத்திவைத்த விமானங்களில் மோதும் அபாயம் அக்காலத்தில் இருந்தது. தரையில் இறங்கும் விமானத்தைவிடக் கப்பலில் இறங்கும் விமானம் பலமாக இருக்கவேண்டும். ஆனால் பாரம் மிகுந்தால் பறப்பு மந்தமாகும். பலத்துக்கும் பாரத்துக்குமிடையே நடக்கும் இந்த இழுபறிதான் கடற்படை விமானம் அமைப்போரின் தீராத தலையிடி.

1946 அளவில் கடற்படை, இரவிலும் மழைமூட்டத்திலும் பகைவரைத் தேடிப் பிடிக்கும் ஜெற் விமானமொன்றை வேண்டியது. அதற்கு றேடார் கருவி வேண்டும். கருவியைக் கவனிக்க இரண்டாவது ஆள் வேண்டும். விமானப்படையும் ஏறத்தாழ அத்தகைய ஒன்றையே கேட்டது. இருவருக்கும் பொதுவாக டி ஹவிலண்ட் நிறுவனம் வரைந்ததே டி.எச். 110. பின்னோக்கிச் சரிந்த சிறகுகள். உடலின் பின்புறத்தில் வாலைத் தாங்கும் இரண்டு நீண்ட தண்டுகள். இரண்டு றோல்ஸ் றோய்ஸ் 'ஏவன்' இயந்திரங்கள். விமானியின் கண்ணாடிக் கூடு நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. றேடார் பார்ப்பவர் வலப்பக்கத்தில், உடலுக்குள்ளே தாழ்ந்த ஓர் அறையில் இருந்தார். வெளிச்சம் புகுந்தால் றேடார்த் திரை தெரியாது என்பது காரணம். அந்த இருட்டறையைப் பின்னர் கடற்படையினர் 'கரிக்குழி' என்று கேலியாக அழைத்தனர். அக்கரிக்குழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

போரால் வெறுமையான திறைசேரி 1949இல் கையை விரித்தது. கடற்படை மலிவான வேறொரு விமானம் போதுமென்று விலகிக்கொண்டது. பல முன்மாதிரிகள் செய்யும் திட்டம் சுருங்கி, விமானப்படைக்காக இரண்டே இரண்டு செய்வதென்று முடிவாயிற்று. 1951 செப்டெம்பர் 26ஆம் திகதி, போர்க்காலத்தில் இரவுப் போர் விமானியாகப் புகழ்பெற்ற ஜோன் கன்னிங்ஹாம், முதல் முன்மாதிரியை ஹற்பீல்ட் விமானத் தளத்திலிருந்து வானிலேற்றினார். இரண்டாவது 1952 ஜூலையில் பறந்தது.

அக்காலத்தில் ஒலியின் வேகத்தைக் கடப்பதே விமான உலகின் பெருங் கனவு. டி ஹவிலண்ட் குடும்பம் அதற்கு ஏற்கெனவே விலை கொடுத்திருந்தது. நிறுவனத் தலைவர் சேர் ஜெஃப்ரி டி ஹவிலண்டின் ஒரு மகன் ஜோன் 1943இல் வானில் விமானங்கள் மோதி இறந்தார். தந்தையின் பெயரையே தாங்கிய மூத்த மகன் ஜெஃப்ரி, 1946 செப்டெம்பரில் டி.எச். 108 என்ற வாலற்ற பரிசோதனை விமானம் வானில் உடைந்து மாண்டார். அதே வகை விமானத்தில் 1948 செப்டெம்பரில் ஒலியை முந்தி வெற்றி கண்டவர் ஜோன் டெரி. பிரித்தானிய விமானமொன்றில் ஒலியைக் கடந்த முதல் விமானி என்ற பெருமை அவருக்குரியது. டி.எச். 110இன் பரிசோதனைப் பறப்புகளிலும் அவர் பங்குகொண்டார். 1952 ஏப்ரலில் அவ்விமானமும் தலைகீழாகப் பாய்ந்து ஒலியை முந்தியது.

அவ்வாண்டு செப்டெம்பரில் ஃபாண்பரோவில் விமானக் கண்காட்சி நடந்தது. ஆண்டுதோறும் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று பார்க்கும் திருவிழா அது. நமது ஊர்த் தேர்த்திருவிழாவுக்குச் சனம் திரள்வதுபோல, 6ஆம் திகதி சனிக்கிழமை ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டிருந்தனர். ஓடுபாதைக்கு அருகே ஒரு சிறு மேடு. நன்றாகத் தெரியுமென்று பலர் அதிலேறி நின்றனர்.

அன்று பறக்கவேண்டியது இரண்டாவது முன்மாதிரி. அதிலே கோளாறு கண்டதால், டெரியும் அவருடைய துணைவர் ரொனி றிச்சட்ஸும் ஹற்பீல்டுக்குச் சென்று, முதல் முன்மாதிரியை எடுத்துக்கொண்டு விரைந்து வந்தனர். ஏறத்தாழ 40,000 அடி உயரத்திலிருந்து விமானம் கீழ்நோக்கிப் பாய்ந்தது. ஒலியைக் கடந்த முழக்கம் இடிபோல் கேட்டது. மக்கள் மகிழ்ந்தனர். பின்னர் விமானம் தாழ்ந்து, மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வட்டமடித்துப் பார்வையாளரை நோக்கித் திரும்பியது. திரும்பியபடியே மேலேற முனைந்தது. அந்தக் கணத்திலே சிறகின் புறப்பகுதிகள் பிய்ந்தன. ஒரு விநாடி கடப்பதற்குள் விமானம் துண்டுதுண்டாயிற்று.

இயந்திரங்கள் இரண்டும் உடலிலிருந்து கழன்று, எறிந்த கல்லைப்போலப் பாய்ந்து வந்தன. அவற்றிலொன்று மேட்டிலே நின்ற கூட்டத்தில் விழுந்தது. பார்வையாளர் 29 பேர் இறந்தனர். அறுபதளவில் காயமுற்றனர். வானிலே டெரியும் றிச்சட்ஸும் மாண்டனர். டெரிக்கு அப்போது வயது முப்பது.

கண்காட்சி நிறுத்தப்படவில்லை. இடிபாடுகள் அகற்றப்பட்டதும், நெவில் டியூக் என்ற விமானி தமது 'ஹன்ரர்' விமானத்தில் ஏறி அதே வானில் ஒலியைக் கடந்து காட்டினார். மறுநாள் பிரதமர் சேர்ச்சில் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். இதைத் துணிவென்று போற்றுவோர் உண்டு. சற்று முன்னர் 29 பேர் மாண்ட இடத்தின் மேலே இத்துணிவு வேண்டியதுதானா என்று கேட்போரும் உண்டு. போரின் இழப்புகளுக்குப் பழகிப்போன ஒரு தலைமுறையின் மனத்தை இன்று நாம் இருந்த இடத்திலிருந்தே எடைபோடுவது எளிதன்று. ஆயினும் அக்கேள்வியைக் கேளாமல் விடவும் முடியாது.

இனி, உடைந்தது ஏன் என்று பார்ப்போம். உடைந்த துண்டுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். விமானத்தின் சிறகை நமது ஓட்டுவீட்டின் கூரைக்கு ஒப்பிடலாம். கூரையைத் தாங்கும் முகட்டு வளைபோலச் சிறகின் நீளத்துக்கு ஒரு பிரதான சட்டம் ஓடும். அதற்கு முன்னாலுள்ள முன்விளிம்பை வளைந்த உலோகத் தகடு மூடியிருக்கும். டி.எச். 110இல் அந்த முன்விளிம்புக்குள்ளே தனியான தாங்குசுவர் இருக்கவில்லை; தகடே பாரத்தைத் தாங்கவேண்டியிருந்தது. விமானம் நேராகப் பறந்து மேலேறினால் தாங்கும். பக்கவாட்டில் உருண்டுகொண்டே மேலேறினால், மேல்நோக்கிய இழுப்பும் முறுக்கும் ஒருங்கு சேரும். அந்த இரட்டைப் பாரத்தில் தகடு நெளிந்தது. நெளிந்ததும் சிறகு போயிற்று.

நேயர்களே, இங்கே நாம் சற்று நின்று கவனிக்கவேண்டும். அந்த அமைப்புமுறை புதியதன்று. அதே நிறுவனத்தின் வம்பயர், வெனம் ஆகிய விமானங்களில் அது ஆண்டுக்கணக்காக நன்றாகவே உழைத்தது. யாரோ அசட்டையாகச் செய்த வேலையென்று இதைத் தள்ளிவிட முடியாது. அனுபவம் தந்த நம்பிக்கையோடுதான் செய்தார்கள். வேகம் கூடியது, பாரம் கூடியது, ஆனால் பழைய முறை மட்டும் அப்படியே தொடர்ந்தது. நேற்று நம்மைக் காத்த ஒன்று இன்றும் காக்குமென்று கேளாமலே நம்பிவிட்டோமானால், அது முறியும் இடம் எதுவென்று நமக்குத் தெரியவே வராது. முறிந்த பின்புதான் தெரியும். இந்தப் பாடம் விமானம் கட்டுவோருக்கு மட்டும் உரியதன்று.

அத்தோடு டி.எச். 110இன் கதை முடிந்திருக்கவேண்டும். விமானப்படை அவ்விபத்துக்கு முன்னரே, 1952 ஜூலையில், போட்டி விமானமான 'ஜவெலின்'ஐத் தெரிந்துகொண்டுவிட்டது. வாங்க ஆளில்லை, இரண்டில் ஒன்று சிதறிவிட்டது, பெயரும் கெட்டுவிட்டது. எஞ்சியது அன்று கோளாறினால் பறக்காமல் நின்ற இரண்டாவது முன்மாதிரி மட்டுமே.

அந்த ஒன்றை நிறுவனம் கைவிடவில்லை. அதன் சிறகைப் பலப்படுத்தினர், வாற்பகுதியைத் திருத்தினர். முன்பு விலகிச் சென்ற கடற்படை இப்போது மீண்டும் வந்து பார்த்தது. 1954 செப்டெம்பரில் அந்தத் திருத்திய விமானம் 'அல்பியன்' கப்பலின் தளத்தைச் சக்கரத்தால் தொட்டுத் தொட்டு மேலெழுந்து பழகியது. கொளுக்கி பொருத்திய மூன்றாவது விமானம் 1955 ஜூன் 20ஆம் திகதி பறந்தது. 1956 ஏப்ரலில் அது 'ஆர்க் றோயல்' கப்பலில் இறங்கி, கம்பி வடத்தைப் பற்றி நின்றது. கடற்படை முதலில் கேட்டு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றபின், அந்தப் பொறி இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியது. சிறகு மடிக்கும் வசதியோடு முழுமை பெற்ற முதல் சீ விக்ஸன் 1957 மார்ச்சில் பறந்தது. 1959இல் கடற்படை அணியிற் சேர்ந்தது. துப்பாக்கியே பொருத்தாமல், ஏவுகணைகளையும் உந்துகணைகளையும் நம்பிப் புறப்பட்ட போர் விமானம் அது.

இதற்கிடையில் கப்பலும் மாறியிருந்தது. ஓடுதளத்தைச் சற்றுச் சரித்து அமைத்தால், வடத்தைப் பற்றத் தவறிய விமானம் எதிலும் மோதாமல் மீண்டும் எழலாம் என்பதை டெனிஸ் கம்பெல் என்ற கடற்படை அதிகாரி 1951இல் எடுத்துரைத்தார். நிக்கலஸ் குட்ஹாட் என்பவர், இறங்கும் சாய்வு சரியா என்பதை விமானியே பார்த்தறியக் கண்ணாடியும் விளக்கும் கொண்ட ஒரு முறையைக் கண்டார். கொலின் மிச்செல் நீராவியால் விமானத்தை எற்றிவிடும் கவணை ஆக்கினார். எரிக் பிறவுண் தமது கைத்திறனால் செய்ததைச் சாதாரண விமானியும் செய்ய இவை வழிவிட்டன.

சீ விக்ஸன் விமானங்கள் ஏறிச்சென்ற கப்பல்களில் ஒன்றின் பெயரும் ஹேர்மீஸ். மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதன் பெயரைத் தாங்கி 1959இல் சேவைக்கு வந்த புதிய கப்பல் அது. வெறுந்தளத்தோடு மாண்ட கப்பலின் பெயரில் வந்த கப்பலின் தளத்தில் இந்த விமானங்கள் நின்றன. அக்கப்பலே பின்னர் இந்தியாவுக்கு விற்கப்பட்டு, 1987 முதல் 2017 வரை 'விராட்' என்ற பெயரோடு இந்துசமுத்திரத்தில் உலாவியது.

இவ்வளவில் நிறுத்தினால் இது வெற்றிக் கதையாகிவிடும். அது முழு உண்மையாகாது. 1972இல் அணியிலிருந்து விலகும்வரை, செய்யப்பட்ட சீ விக்ஸன் விமானங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விபத்துகளில் அழிந்தன. ஐம்பது பேரளவில் கடற்படை விமானிகளும் துணைவர்களும் உயிர்நீத்தனர். கரிக்குழியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஆபத்து நேர்ந்தால் அந்த இருண்ட அறையிலிருந்து வெளியேறுவது கடினம். விமானம் கடலில் விழும்போது விநாடிகளே கிடைக்கும். இரண்டாம் வகை விமானத்திலேதான், ஆசனத்தோடு வெளியே எறியப்படும்போது உடைந்து வழிவிடும் மேல்மூடி அந்த அறைக்கு அமைக்கப்பட்டது. சிறகுக்குக் கற்ற பாடம் அறைக்கு வந்துசேர இன்னும் பல உயிர்கள் வேண்டியிருந்தன.

ஃபாண்பரோவில் இறந்த 29 பேரையும் நாம் மறக்கலாகாது. டெரியும் றிச்சட்ஸும் ஆபத்தை அறிந்தே ஏறினார்கள். மேட்டில் நின்றவர்கள் எதையும் தெரிந்துகொண்டவர்களல்லர். ஒரு சனிக்கிழமைப் பொழுதைக் கழிக்க வந்தவர்கள். அவர்களுக்குப் பிறகே விதிகள் பிறந்தன. நேராகப் பறக்கும் ஜெற் விமானம் கூட்டத்திலிருந்து 230 மீற்றருக்குக் கிட்டே வரலாகாது. சாகசம் செய்தால் 450 மீற்றர் விலகி நிற்கவேண்டும். 150 மீற்றருக்குக் கீழே தாழலாகாது என வரம்பு கட்டினர். அதன்பின் 2015 ஓகஸ்டில் ஷோர்ஹாமில் ஒரு விமானம் வீதியில் விழுந்து 11 பேர் மாளும்வரை, பிரித்தானியாவில் கண்காட்சிப் பறப்பினால் பொதுமக்கள் எவரும் இறக்கவில்லை. அறுபத்துமூன்று ஆண்டுகள்! ஆண்டுதோறும் வானத்தை அண்ணாந்து பார்த்து வீடு திரும்பிய எத்தனை பிள்ளைகளுக்கு, அந்த மேட்டில் நின்றவர்களுக்குத் தாம் கடன்பட்டிருப்பது தெரியும்?

முன்மாதிரி என்ற சொல்லை நாம் பிறர் பின்பற்றத்தக்க நல்லொழுக்கம் என்ற பொருளிலேயே பள்ளிக்கூடத்தில் வழங்குகிறோம். பொறியியலாளரின் முன்மாதிரி வேறு. பலர் ஏறுமுன் ஒருவர் ஏறிப் பார்ப்பதற்காகச் செய்யப்படுவது அது. பிழை இருந்தால் சிறிய இழப்போடு வெளிப்படவேண்டும் என்பதே அதன் நோக்கம். டி.எச். 110இன் பிழை, கூட்டத்துக்கு மேலே வெளிப்பட்டது. கூட்டமில்லாத வெளியில் அதை முழுமையாகச் சோதித்துவிட்டுப் பின் காட்சிக்குக் கொண்டுவந்திருந்தால் என்ற எண்ணம் எழாமலில்லை. விபத்துக்குப் பின் வந்த விதிகள் அந்த எண்ணத்தைத்தான் சட்டமாக்கின.

என் மாணவனுக்கு மறுநாள் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன், "இப்ப அந்த விமானம் ஒண்டாவது இருக்கோ சேர்?" என்றான். அருங்காட்சியகங்களில் சில நிற்கின்றன. பறக்கும் நிலையில் பேணப்பட்ட ஒன்று 2017 மே 27ஆம் திகதி காட்சிப் பறப்பு முடித்துத் திரும்பியபோது, அதன் சக்கரங்கள் வெளிவரவில்லை. விமானி அதை யோவில்ற்றன் தளத்தின் ஓடுபாதையில் வயிற்றால் உராய்ந்தபடி மெல்ல இறக்கினார். எவருக்கும் காயமில்லை.

"அப்ப, கடைசியில இறங்கத் தெரிஞ்சிருக்கு" என்றான் அவன். ஆம், தெரிந்திருந்தது. கற்பித்தவர்களின் பெயர்களை நாம் தெரிந்துவைத்திருப்பது நன்று.